தர்மக் கணக்கு எழுதி வைத்துச் செய்த தர்மம் தர்மமாகுமா?

பேரேடு எழுதியது:

என் தந்தை விருதுநகரில் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்தவர். சென்ற கார்த்திகையில் காலமானார். கடையை ஒழித்துக்கொண்டிருந்தபோது, இரும்புப் பெட்டியின் அடித்தட்டில், வியாபாரப் பேரேடுகளுக்குக் கீழே, சிவப்புத் துணியில் சுற்றிய நீளமான நோட்டு ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'தர்மக் கணக்கு' என்று அவருடைய கையெழுத்து. 1987 தை மாதம் தொடங்கி, அவர் படுக்கையில் விழும் வரைக்கும், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறார். கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்ததும் இருக்கிறது, யாரோ ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியதும் இருக்கிறது, பேருந்து நிலையத்தில் ஒரு பாட்டிக்கு 2 ரூபாய் போட்டதும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முடிவில் கூட்டிப் போட்டு, அந்தத் தொகையை அடுத்த ஆண்டின் முதல் வரியில் 'முன் பாக்கி' என்று கொண்டுவந்திருக்கிறார்.

கடை வைத்தவர்களுக்குத் தெரியும், முன் பாக்கி என்றால் தீராத கணக்கு. எதிர்ப்பக்கம் இருப்பவர் நமக்கு இன்னும் தரவேண்டியது. என் தந்தையின் நோட்டில் எதிர்ப்பக்கம் இருந்தவர் யார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆடி கடைசி வெள்ளியன்று 300 பேருக்கு அவர் செய்துவந்த அன்னதானம் எங்கள் தெருவில் பெயர் பெற்றது. அதற்கு அரிசி அளக்கும்போதும், களத்திலும் கடையிலும் வழக்கமாகச் செய்வதுபோல, முதல் படியை ஒன்று என்று எண்ணாமல் 'லாபம்' என்றே எண்ணுவார். சிறுவனாக இருந்தபோது அதைக் கேட்டு ஒன்றும் தோன்றவில்லை. இந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்தச் சொல் காதை விட்டுப் போக மறுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பத்தாம் வகுப்பு விடுமுறையில் கடையில் உட்கார்ந்திருந்தேன். லோடுமேன்கள் மூட்டைக்கு 25 காசு கூட்டிக் கேட்டார்கள். மூன்று மாதம் பேச்சு நடந்தது. தந்தை இறங்கி வரவில்லை. அந்த மூன்று மாதத்துக்குள்தான் ஆடி கடைசி வெள்ளியும் வந்தது. அதே லோடுமேன்களுக்குத் தம் கையாலேயே பரிமாறினார். ஒரே மனிதர், ஒரே மாதத்தில், ஒரே ஆட்களுக்கு இரண்டையும் செய்தார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஏதேனும் நெருடல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, மறுபிறவியும் இல்லை. ஆகவே இரண்டு கேள்விகள். மேலுலகத்திலிருந்து வரவேண்டிய பாக்கியாக எண்ணிச் செய்த கொடை அறமா, முதலீடா? வரும் ஆடியில் அந்த அன்னதானத்தை நடத்தச் சொல்லி அம்மா கேட்கிறார். எந்த வரவையும் எதிர்பார்க்காத நான் அதை நடத்தினால், அது என் தந்தை செய்ததைவிடத் தூய்மையானதா, அல்லது வெறும் சடங்கா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் முதல் கேள்வியை ஏறக்குறைய இதே சொற்களில் புறநானூற்றின் 134ஆம் பாடல் கேட்டுவிட்டது. வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும் புலவர் முடமோசியார் சொல்கிறார்: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்." இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று அறத்தை விலை பேசும் வணிகன் அல்லன் எங்கள் ஆய் என்கிறார். 'அறவிலை வணிகன்' என்ற தொடரை மேடைகளில் பலரும் எடுத்தாள்கிறார்கள். உங்கள் தந்தையின் நோட்டை அவர்களிடம் காட்டினால் உடனே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. மேடைகளில் விட்டுவிடும் அடுத்த இரண்டு அடிகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன: "பிறரும் சான்றோர் சென்ற நெறியென ஆங்குப் பட்டன்று அவன்கை வண்மையே." ஆய் ஏன் கொடுத்தான்? இரக்கம் பொங்கியதாலா, ஏழையின் முகத்தைப் பார்த்து உள்ளம் உருகியதாலா? புலவர் அப்படிச் சொல்லவில்லை. சான்றோர் பிறரும் நடந்த வழி அது, ஆகவே அவன் கையும் அந்த வழியில் சென்றது என்கிறார். வணிகத்துக்கு எதிராக அவர் நிறுத்துவது உணர்ச்சியை அன்று, வழக்கத்தை. நாம் இன்று அன்பால் செய்ததை உயர்வாகவும் வழக்கத்தால் செய்ததைத் தாழ்வாகவும் வைக்கிறோம். அந்தப் புலவரின் தராசில் அப்படி இல்லை.

வள்ளுவரிடம் போனால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஈகை அதிகாரத்தின் முதற்குறள், இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் 'குறியெதிர்ப்பை' என்கிறது. குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தரும் கைமாற்று. அடுத்த குறள், 222ஆவது, இன்னும் கடுமையானது: "நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று." மேலுலகம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் கொடுப்பது நல்லது. கடவுள் நம்பிக்கை இல்லாத உங்களுக்கு இதைவிடச் சாதகமான வரி கிடைக்காது. ஆனால் அதே அதிகாரத்தில் நான்கு குறள் தள்ளி, வறியவனின் பசியைத் தீர்ப்பதுதான் ஒருவன் தன் பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்று அவரே சொல்கிறார்: "பெற்றான் பொருள்வைப் புழி." அடுத்த அதிகாரத்தின் முதற்குறளில், ஈந்து புகழ்பட வாழ்வதைத் தவிர உயிருக்கு 'ஊதியம்' இல்லை என்கிறார். வைப்புழி, ஊதியம் இரண்டும் கடைத்தெருச் சொற்கள். முதலில் வணிகத்தை விலக்கிவிட்டு, பிறகு வணிகனின் மொழியிலேயே பேசுகிறார்.

இதை முரண்பாடு என்று நான் எண்ணவில்லை. 222ஆம் குறளை அப்படியே எடுத்து வாழக்கூடியவர் சிலர். மற்றவர்களுக்குப் புரியும் மொழி ஊதியத்தின் மொழி. உங்கள் தந்தைக்குத் தெரிந்த மொழி பேரேட்டு மொழி. அறத்தையும் அவர் அந்த மொழியில்தான் எழுத முடிந்தது. 'லாபம்' என்று அளந்ததை வைத்து அவர் மனத்தை அளப்பது சரியாகாது. களத்தில் அந்தச் சொல்லுக்கு ஒன்று என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

திருவாதிரை எழுதியது:

நண்பரே, உங்கள் பதிவைப் படித்தபோது என் மாமனார் நினைவு வந்தது. அவரும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார், ஆனால் அதில் பூசைக் கணக்கு மட்டும்தான் இருக்கும். பயன் கருதிச் செய்வது உயர்ந்த நிலை அன்று என்பதைச் சமயங்களே மற்ற எவரையும்விட அழுத்தமாகச் சொல்லியிருக்கின்றன. சேக்கிழார் அடியார் கூட்டத்தை வருணிக்கும்போது, "கூடும் அன்பினில் கும்பிடலே அன்றி வீடும் வேண்டா விறலின் விளங்கினார்" என்றார். வீடுபேறே வேண்டாம் என்கிற நெஞ்சுரம் அது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த ராபியா அம்மையார், நரகத்துக்கு அஞ்சி உன்னை வணங்கினால் என்னை நரகத்தில் எரித்துவிடு, சொர்க்கத்தை விரும்பி வணங்கினால் அதை எனக்கு அடைத்துவிடு என்று வேண்டியதாகச் சொல்வார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்பது கிறித்தவ வேதம்.

ஆக, புண்ணியக் கணக்கைக் குறை சொல்ல நம்பிக்கை இல்லாதவர்கள் தேவையில்லை. பக்தர்களே அதைச் செய்துவிட்டார்கள். ஆனால் அதே சமயங்கள் சொர்க்கத்தையும் நரகத்தையும் ஏன் கைவிடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நாயன்மார்களுக்கு மட்டுமாக ஒரு சமயம் இருக்க முடியாது. காலையில் கடை திறந்து, எடை போட்டு, கடன் வசூலித்து, இரவில் அலுத்துத் தூங்குகிறவனுக்கும் அது ஏதாவது சொல்லியாக வேண்டும். குழந்தைக்குப் பரிசு காட்டி எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். எழுத்து வந்த பிறகு பரிசு மறந்துபோகும். சிலருக்கு மறக்காமலும் இருக்கும், அதனால் அவர்கள் படித்தது பொய்யாகிவிடுமா?

உங்கள் தந்தை பேருந்து நிலையத்துப் பாட்டிக்குக் கொடுத்த 2 ரூபாய், எழுதப்பட்டதால் அந்தப் பாட்டிக்கு 1 ரூபாயாகக் குறைந்துவிடவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: இறந்தவரின் மனத்தைத் தணிக்கை செய்யும் வேலையை மகன் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு வேறு ஒருவர் இருக்கிறார் என்பது என் நம்பிக்கை. அப்படி ஒருவர் இல்லை என்பது உங்கள் நம்பிக்கை. இரண்டின்படியும் அந்த நாற்காலி உங்களுடையது அன்று.

பேரேடு எழுதியது:

அம்மையீர், கடைசி வரி தைத்தது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் தணிக்கை செய்வது அவரை மட்டும் அன்று. அவருடைய நோட்டைப் பார்த்த நாளிலிருந்து, நான் யாருக்கேனும் நூறு ரூபாய் கொடுத்தாலும் எனக்குள் எங்கோ ஒரு பக்கம் புரள்வது கேட்கிறது. கடவுளிடம் வரவு வைக்கவில்லை. என்னைப் பற்றி நானே வைத்திருக்கும் நல்லெண்ணத்தில் வரவு வைக்கிறேன். சொர்க்கத்தை நீக்கிவிட்டால் வணிகம் ஒழியும் என்று நினைத்திருந்தேன். கடை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மரப்பாச்சி எழுதியது:

எங்கள் ஊர்க் கோயிலில் குழல்விளக்கு முழுவதும் 'உபயம்' என்று கொடுத்தவரின் பெயர், தந்தை பெயர், கடைப் பெயர் எல்லாம் சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். எழுத்து போக மிச்சமிருக்கும் இடைவெளியில்தான் வெளிச்சம் வரும். உங்கள் தந்தை நோட்டுக்குள் எழுதிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அந்த வகையில் அவர் எவ்வளவோ மேல்.

கைத்தடி எழுதியது:

இந்த உரையாடல் முழுவதும் கொடுத்தவரின் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கொடுப்பவன் எந்த நோக்கத்தில் கொடுத்தான் என்பது, உண்டு முடித்தவர்களுக்கு எழும் கேள்வி. பந்தியில் உட்கார்ந்தவன் அதைக் கேட்பதில்லை. கேள்வியாளரின் பதிவில் நோட்டைப் பற்றிய பகுதியைவிட 25 காசைப் பற்றிய பகுதிதான் கனமானது. முதல் இரண்டு மறுமொழியாளர்களும் அதைத் தொடாமல் போய்விட்டார்கள்.

முதலில் மனித இயல்பைப் பற்றி ஒன்று. நல்ல நோக்கம் இருந்தால் நல்ல செயல் தானே வரும் என்று நாம் நம்புகிறோம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரின் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை 1973இல் வெளியானது. பாதிரியாராகப் போகிற 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில், ஒரு சந்தில், இருமி முனகியபடி ஒருவர் சுருண்டு கிடக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றனர். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறார்களா, வேறொன்றைப் பற்றியா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. எந்த வகைப் பக்தி உடையவர் என்பதை வைத்து, யார் நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசுவதற்காக, விழுந்து கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனவர்களும் உண்டு.

அந்த மாணவர்கள் போலிகள் அல்லர். அவர்களுடைய அறம் ஓர் அறையில் இருந்தது, அவசரம் இன்னோர் அறையில். கேள்வியாளரின் தந்தைக்கும் இப்படி இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் தர்மக் கணக்கு, இன்னொன்றில் கூலிக் கணக்கு. நெருடல் இல்லாததற்குக் காரணம் அவர் கல்நெஞ்சர் என்பது அன்று. இரண்டு நோட்டுகளும் ஒரே நேரத்தில் மேசைமேல் திறந்திருந்ததில்லை.

இரண்டாவது, கூலி என்பது தர்மம் அன்று. மூட்டை தூக்கியவனுக்குத் தரவேண்டியது கடன், அதைக் குறைத்துவிட்டு மிச்சத்தில் சோறு போடுவது ஈகை ஆகாது. வள்ளுவரின் குறியெதிர்ப்பைக் கணக்கை அப்படியே திருப்பிப் பாருங்கள்: லோடுமேன் தன் உழைப்பை அளந்து கொடுத்துவிட்டான், அதே அளவில் அவனுக்குத் திரும்பி வரவில்லை. அந்தக் குறைவுதான் உண்மையான முன் பாக்கி. அது நோட்டில் தவறான பக்கத்தில் ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்ததற்குக் காரணம், முதலாளிகளின் இரக்கத்தில் குறைவு இருந்தது என்பதன்று. இரக்கம் எவ்வளவு இருந்தாலும் அது கூலியைத் தொடுவதில்லை என்பதுதான். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1785இல் எழுதிய நூலில், விவரம் தெரியாத வாடிக்கையாளரிடமும் கூடுதல் விலை வாங்காத கடைக்காரனை எடுத்துக்காட்டி, அவன் அதைக் கடமைக்காகச் செய்கிறானா, பெயர் கெடக்கூடாது என்பதற்காகச் செய்கிறானா என்று கேட்டார். கடைக்காரனின் நெஞ்சை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த இடத்தில், கடைக்குள் மூட்டை தூக்கியவன் கண்ணில் படவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

25 காசைத் தொடாமல் போனேன் என்பது உண்மை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'இரண்டு அறை' என்ற விளக்கத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்மாவட்ட வணிகர்களிடம் 'மகமை' என்றொரு முறை இருந்தது. வந்து போகும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைக் கணக்கிலேயே ஒதுக்கிப் பொது நிதியில் சேர்த்துவிடுவார்கள். கொடுப்பவனுக்கு அதில் நெகிழவும் ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. கூலி, வாடகை போல அதுவும் ஒரு செலவு. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் அன்றாடம் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசியைக் கொண்டு நடத்தப்பட்ட பள்ளி. எந்த வீட்டுப் பிடி எந்தப் பிள்ளையின் பாடப் புத்தகமாயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. முடமோசியார் சொன்ன 'சான்றோர் சென்ற நெறி' என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: நெஞ்சை நம்பாமல் கையைப் பழக்குவது. உங்கள் தந்தையின் பேரேட்டிலும் மகமை வரி இருக்கும், பாருங்கள். அந்த வரியில் அவர் அறவிலை வணிகர் அல்லர், வெறும் வணிகர். அங்கே அவர் செய்தது கலப்பில்லாதது என்று எனக்குத் தோன்றுகிறது.

கோமுகி எழுதியது:

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை எல்லாருக்கும் தெரியும் என்றாலும், அதில் ஒரு திருப்பத்தைப் பற்றி இங்கே பேசியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்துக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் எல்லாரையும் கூவி அழைத்து உண்பித்து, மிச்சத்தைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குபவன். மழை பெய்யும் ஓர் இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் கலங்கியபோது, சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். அவனுடைய அறத்தால் இந்திரனின் இருக்கை அசைகிறது. இந்திரன் முதிய அந்தணனாகத் தடி ஊன்றி வந்து, உன் தானத்தின் பயனைக் கொள் என்கிறான். அதாவது பேரேடு அவர்களின் முன் பாக்கியைத் தீர்க்க, தரவேண்டியவரே நேரில் வந்துவிட்டார். ஆபுத்திரன் என்ன செய்தான் தெரியுமா? விலா நோகச் சிரித்தான். செய்ததன் பயனை உண்டு கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்களே தவிர, அறம் செய்பவர் எவரும் இல்லாத நாட்டுக்கு அரசன் நீ. உன்னிடம் வாங்க எனக்கு என்ன இருக்கிறது, வருந்தி வந்தவர்களின் பசியைக் களைந்து அவர்களுடைய "திருந்துமுகம் காட்டும்என் தெய்வக் கடிஞை", அதாவது இந்தப் பிச்சைப் பாத்திரம், எனக்குப் போதும் என்றான்.

வழக்கமாகக் கதையை இங்கே நிறுத்திக் கைதட்டுவார்கள். சாத்தனார் நிறுத்தவில்லை. சினம் கொண்ட இந்திரன் தண்டனை கொடுக்கிறான். என்ன தண்டனை? 12 ஆண்டுகள் மழையின்றிக் கிடந்த பாண்டி நாட்டில் மழை பொழியச் செய்கிறான். நாடு செழிக்கிறது. பசித்தவர் எவரும் இல்லை. ஏழைகள் உண்ட அம்பலத்தில் வேலையற்றவர்கள் வட்டும் சூதும் ஆடிப் பொழுது போக்குகிறார்கள். ஆபுத்திரன் ஊர் ஊராகச் சென்று உண்பதற்கு ஆள் தேடுகிறான், ஊரார் நகைக்கிறார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான், மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத் தீவில், ஆயிரம் பேருக்குச் சோறு போடும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தான் ஒருவன் மட்டும் உண்ண மனம் இல்லாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான்.

சொர்க்கத்தை மறுத்தவன் அவன். பயன் கருதாதவன். பேரேடு அவர்கள் கேட்கும் தூய்மையும் ஏட்டுச்சுவடி அவர்கள் காட்டும் நெறியும் அவனிடம் இருந்தன. ஆனாலும், ஒரு நாட்டின் பசி தீர்ந்தது அவனுக்குத் தண்டனையாக அமைய முடிந்தது. திருந்துமுகம் காண்பதற்கு முதலில் வருந்தும் முகம் வேண்டும். சாத்தனார் அவனைக் குறை சொல்லவில்லை, மறுபிறவியில் அரசனாக்குகிறார். என்றாலும் இந்திரனுக்கு இப்படி ஒரு தண்டனையைத் தோன்றச் செய்த புலவருக்கு, கொடுப்பவனின் இன்பத்தில் உள்ள இந்த இருண்ட மூலை தெரிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். நம் காலத்து அன்னதானக் கூடங்களில் பந்தி நிரம்பவில்லை என்று உபயதாரர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்ண ஆள் குறைந்தது நல்ல செய்தி அல்லவா?

உங்களை ஒன்று கேட்கிறேன். மூட்டைக்கு 25 காசு கூடியிருந்தால், அந்த ஆடி வெள்ளியில் அந்த லோடுமேன்கள் பந்திக்கு வந்திருப்பார்களா? வராமல் இருந்திருந்தால் உங்கள் தந்தைக்கு எப்படி இருந்திருக்கும்? இதை ஏளனமாகக் கேட்கவில்லை. எனக்கும் இதற்கு விடை தெரியாது. கோயிலுக்கு வருகிறவன் வறுமையால் மட்டும் பந்தியில் உட்காருவதில்லை, அதையும் பார்த்திருக்கிறேன்.

திருவாதிரை எழுதியது:

வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அன்னதானத்தில் உட்காருவது பசிக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் பந்தியில் உட்கார்ந்ததில்லை. என் கணவர் வங்கியில் வேலை பார்த்தார், இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று வரிசையில் நின்று வாங்கித்தான் உண்பார். முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே தரையில், ஒரே வாழை இலையில் உண்ணுகிற நாள் ஆண்டில் ஒன்றாவது இருப்பது நல்லது.

கைத்தடி எழுதியது:

முதலாளி பரிமாறினார் என்றுதான் கேள்வியாளர் எழுதியிருக்கிறார். உட்கார்ந்து உண்டார் என்று எழுதவில்லை.

பேரேடு எழுதியது:

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புகளை வைத்துக்கொண்டு யோசிப்பதைவிட, உண்டவர்களில் ஒருவரைக் கேட்பது நல்லது என்று தோன்றியது. எங்கள் கடையில் 22 ஆண்டுகள் மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தந்தை இறந்தபோது வர முடியவில்லை என்று முதலில் அவர் வருத்தப்பட்டார். பிறகு நான் சுற்றி வளைத்து ஆடி வெள்ளியைப் பற்றிக் கேட்டேன்.

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு ஒரு தகவல்: மகமை வரி இருக்கிறது. 40 ஆண்டுகளில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. அதைத் தர்மக் கணக்கில் அவர் சேர்க்கவும் இல்லை. திருவாதிரை அம்மா, தந்தை உட்கார்ந்து உண்பாரா என்று பெரியவரிடம் கேட்டேன். எல்லாரும் எழுந்த பிறகு, சமையல்காரர்களோடு கடைசிப் பந்தியில், தரையில் உட்கார்ந்து உண்பாராம். ஆகவே கைத்தடி அவர்கள் சொன்னது பாதி சரி.

பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "சாப்பாட்ட ஒரு கொற சொல்ல முடியாது தம்பி. மொதலாளி எல பக்கத்துல நின்னு ரெண்டாந்தடவ பாயாசம் ஊத்துவாரு. வேண்டாம்னாலும் விடமாட்டாரு. எம்புள்ள பாயாசம்னா அது ஒங்க வீட்டுப் பாயாசந்தான்னு இன்னைக்கும் சொல்லும். என்ன, அன்னைக்கு மத்தியானத்தோட கடைய அடச்சிருவாக, அர நாள் சுமைக் கூலி போயிரும். அத யாரு கேக்கப்போறா, சாமி காரியம்."

வீட்டுக்கு வந்து கூலிப் பேரேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஆடி கடைசி வெள்ளி ஒவ்வொன்றிலும் காலை மூட்டைகளுக்கு மட்டும் தொகை ஏறியிருக்கிறது. பிற்பகலுக்குரிய கட்டம் 1987 தொடங்கி வெறுமையாக இருக்கிறது. அதே தேதிகளில் தர்மக் கணக்கில் அரிசி, பருப்பு, வெல்லம், வாழை இலை, சமையல்காரர் கூலி என்று ஒரு முழுப் பக்கம்.

அம்மாவிடம் அன்னதானத்தை நடத்தலாம் என்று சொல்லிவிட்டேன். கடை இப்போது இல்லை, ஆகவே அடைக்கவும் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் தூக்கியவர்களில் ஒன்பது பேரின் பெயர்கள் பேரேட்டில் இருக்கின்றன. நால்வர் எங்கே இருக்கிறார்கள் என்று பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்றைய மூட்டைக் கூலி விகிதத்தில் 32 அரை நாள்களுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அதை எந்த நோட்டில் எழுதுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.